நல்: ‘இல்லை’ என்ற மதிப்பு

ஒரு மாறிக்கு, அதாவது நிரலில் மதிப்பை வைக்கும் பெயருக்கு, மதிப்பே இல்லை என்பதைக் காட்ட நிரல்மொழிகளில் வைத்திருக்கும் அடையாளம்தான் ‘நல்’ (null). விண்ணப்பப் படிவத்தில் தொலைபேசி எண் கட்டாயமில்லை, ஒருவர் அதை நிரப்பாமல் விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தரவுத்தளத்தில் அந்த இடத்தில் 0 என்று போட முடியாது. 0 ஓர் எண். அங்கே நல் போடுகிறோம்.

சொல் லத்தீனிலிருந்து வந்தது. ‘நே’ என்றால் இல்லை, ‘உல்லுஸ்’ என்றால் ஏதேனும் ஒன்று. இரண்டும் சேர்ந்து ‘நுல்லுஸ்’, அதாவது ஒன்றும் இல்லாதது. நிரலாக்கத்தில் இது வேரூன்றக் காரணமானவர் பிரிட்டிஷ் கணினி அறிவியலாளர் டோனி ஹோர். 1965இல் ஆல்கால் டபிள்யூ மொழிக்கு நல் சுட்டியைச் சேர்த்தார். சுட்டி என்பது வேறோர் இடத்தில் இருக்கும் தரவைக் காட்டும் மதிப்பு. செய்வதற்கு மிக எளிதாக இருந்ததால் ஆசையை அடக்க முடியவில்லை என்று பின்னாளில் சொன்னார். 2009இல் லண்டனில் நடந்த ஒரு மாநாட்டில், அதைத் தன்னுடைய ‘நூறு கோடி டாலர் தவறு’ என்றே குறிப்பிட்டார். எந்தச் சுட்டியிலும் ‘நல்’ இருக்கலாம், ஆனால் அதன் வகையை (எப்படிப்பட்ட தரவு என்ற அறிவிப்பை) பார்த்து அதைத் தெரிந்துகொள்ள முடியாது என்பதுதான் சிக்கல். நிரல் ஓடும்போது பாதியில் நின்றால்தான் தெரியும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘வெற்று’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. கணிதத்தில் வெற்றுக் கணம் என்பது சரியான சொல்தான், உறுப்பு இல்லாவிட்டாலும் அங்கே கணம் என்று ஒன்று இருக்கிறது. எழுத்துகளின் தொடரைச் சரம் என்கிறோம்; எழுத்தே இல்லாத சரத்தையும் அதேபோல் வெற்றுச் சரம் எனலாம். நல் அப்படியல்ல, அங்கே சரமே இல்லை. அதனால் ‘இன்மை’ என்பதே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. இன்மைக்கு வறுமை என்ற பழைய பொருளும் உண்டு. நிரலைப் பற்றிப் பேசும் இடத்தில் அது குழப்பாது.

அடுத்து ‘ஆப்ஷனல்’ (optional), அதாவது மதிப்பு இல்லாமலும் இருக்கலாம் என்று முன்கூட்டியே அறிவிக்கும் வகை. விருப்பப் பாடம் என்று பள்ளியில் சொல்வதைப் பார்த்து இதையும் ‘விருப்ப வகை’ என்று பெயர்க்கத் தோன்றும். ஸ்விஃப்ட், கோட்லின் ஆகிய நிரல்மொழிகளில் வகைக்குப் பின்னால் போடும் கேள்விக்குறி யாருடைய விருப்பத்தையும் சொல்வதில்லை. மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம், பார்த்துவிட்டுத் தொடு என்கிறது. ‘உண்டில்லை வகை’ என்று சொல்லிப் பார்க்கிறேன், பொருள் உடனே பிடிபடுகிறது.

இந்த இன்மையைக் கையாளும் குறிகளுக்குத் தமிழ் இலக்கணம் கைகொடுக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் 2020 முதல் இப்படி எழுதலாம்:

பயனர்?.முகவரி?.ஊர் ?? "பதியவில்லை"

?. என்பதை ‘இருந்தால்’ என்றும், ?? என்பதை ‘இல்லையேல்’ என்றும் படியுங்கள். பயனர் இருந்தால் முகவரி, அது இருந்தால் ஊர், இல்லையேல் ‘பதியவில்லை’. முன்பெல்லாம் ?? இருக்கும் இடத்தில் || போடுவார்கள். அது 0, வெற்றுச் சரம் இரண்டையும் இன்மையாகவே எண்ணிவிடும். கட்டணம் 0 என்று ஒருவர் வேண்டுமென்றே கொடுத்திருந்தாலும், ||க்குப் பின்னால் எழுதிய இயல்புக் கட்டணம் 50 வந்து உட்கார்ந்துகொள்ளும். வெற்று வேறு, இன்மை வேறு என்று நான் அழுத்திச் சொல்வது இதற்காகத்தான்.

ஒரே குறி என்றாலும் எல்லா மொழியிலும் ஒரே நடத்தை இல்லை. ஜாவாஸ்கிரிப்ட்டில் அ?.ஆ.இ என்று எழுதி, அ இல்லாமல் போனால், சங்கிலி முழுவதும் அங்கேயே நின்றுவிடும், .இ வரை போகாது. கோட்லின் அதை ஏற்காது, ஒவ்வொரு படியிலும் ?. போடச் சொல்லும். எழுதச் சலிப்பாக இருந்தாலும் எந்தப் படியில் இன்மை வரலாம் என்பது கண்ணுக்குத் தெரிவதால் எனக்குக் கோட்லின் வழிதான் பிடிக்கும்.

அப்புறம், ஜாவாஸ்கிரிப்ட்டில் பட்டியலின் முதல் உறுப்பை எடுக்க ஏன் பட்டியல்?.[0] என்று நடுவில் புள்ளி? பட்டியல்?[0] என்று விட்டால், அது ‘நிபந்தனை ? இது : அது’ என்ற பழைய அமைப்பின் தொடக்கமா என்று நிரலைப் படித்துப் பிரிக்கும் பகுப்பானுக்குச் சந்தேகம் வரும். அந்தப் பழைய அமைப்புக்காக இன்னொரு விதியும் உண்டு: ?. குறிக்குப் பின் இலக்கம் வந்தால் அது இந்தக் குறியே அல்ல. அதனால்தான் பழைய நிரல்களில் இருக்கும் அ?.5:0 இன்றும் ‘அ உண்மையானால் 0.5, இல்லையேல் 0’ என்றே வேலை செய்கிறது.