முறிக்காமல் விற்கும் வைப்பு

படுவான்கரை நெல்லை வாங்கி விற்கும் களுவாஞ்சிகுடி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நிலையான வைப்பை இடையில் முறித்தால் வட்டியில் வெட்டு விழுகிறது. கோடிக்கணக்கில் வைப்பிலிடும் கம்பனிகள் அவசரத்துக்கு என்ன செய்கின்றன?"

வைப்பையே விற்றுவிடுகின்றன. அதற்கென்றே உள்ள பத்திரம்தான் கைமாற்றத்தக்க வைப்புச் சான்றிதழ். 'இன்ன திகதியில் இவ்வளவு தருவோம்' என்று வங்கி எழுதிக் கொடுக்கும் வாக்கு அது. யார் கையில் அன்று இருக்கிறதோ அவருக்கே பணம்.

அமெரிக்காவில் நடைமுறைக் கணக்குகளுக்கு வட்டி கொடுக்க ஒருகாலத்தில் சட்டம் இடம் தரவில்லை. கம்பனிகள் பணத்தை எடுத்து, அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்க விற்கும் பத்திரங்களான திறைசேரி உண்டியல்களில் போட்டன. போன பணத்தை இழுக்க, இன்று சிட்டிபாங்க் எனப்படும் வங்கி 1961இல் இந்தச் சான்றிதழைப் பெரிய அளவில் இறக்கியது. நியூயோர்க் டிஸ்கவுண்ட் கோர்ப்பரேஷன் என்ற பத்திர வணிக நிறுவனம் அவற்றை வாங்கவும் விற்கவும் முன்வந்தது. என் கணிப்பில் உண்மையான கண்டுபிடிப்பு இதுதான். வாங்க ஆளில்லாத பத்திரத்தைக் கைமாற்றலாம் என்று எழுதி என்ன பயன்?

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். 10 இலட்சம் ரூபாய், ஆண்டுக்கு 10 சதவீதம், ஒரு வருடம்: முடிவில் 11 இலட்சம். ஆறு மாதத்தில் விற்கவேண்டி வருகிறது. சந்தை வட்டி அதே 10 என்றால் விலை 11 இலட்சத்தை 1.05ஆல் வகுத்தது, ஏறத்தாழ 1,047,600. வட்டி 16 ஆகியிருந்தால்? வாங்குபவர் மீதி ஆறு மாதத்துக்கு 8 சதவீதம் கேட்பார். 1.08ஆல் வகுத்தால் 1,018,500தான். வட்டி 6க்கு இறங்கியிருந்தால் 1,068,000 கிடைக்கும். போட்டதற்கு மேல் 68,000, அரை வருட வட்டியான 50,000ஐவிடக் கூட! வட்டி ஏறினால் விலை இறங்கும், இறங்கினால் ஏறும். இத்தனை நடந்தும் வங்கிப் பெட்டகத்திலிருந்து ஒரு சதம்கூட வெளியே போகவில்லை. அதன் கடன் தொகையும் திகதியும் மாறவில்லை. அந்தக் கடனைத் திரும்பப் பெறுபவர் மட்டும் மாறியிருக்கிறார். இலாபமும் நட்டமும் விற்றவர் தலையில்.

வைப்பிட ராகு காலம் தவிர்ப்பவர்களை எனக்குத் தெரியும். இலங்கை மத்திய வங்கியின் அறிவிப்புத் திகதியைப் பார்ப்பவர்கள் குறைவு. 2022 ஏப்ரல் 8 அன்று அது கொள்கை வட்டி வீதங்களை, அதாவது வங்கிகளோடு தான் கொடுக்கல் வாங்கல் செய்யும் வட்டியை, ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அதற்கு முந்திய வட்டியில் எழுதிய எந்தப் பத்திரத்தையும் அதன் பின் விற்கப் போனவருக்கு எந்தப் பஞ்சாங்கம் கைகொடுக்கும்?

வங்கியே நொடித்தால் பத்திரமும் நொடிக்கும். அதனால்தான் இவை பொதுவாகத் திறைசேரி உண்டியலைவிடச் சற்று அதிக வட்டி தருகின்றன. வாசகரிடம் இருப்பது பெயருக்கு எழுதிய சாதாரண வைப்பு என்றால் அதை விற்க வழியில்லை. முதிர்வு நெருங்கியிருந்தால் முறிப்பதைவிட அதை ஈடுவைத்துக் கடன் எடுப்பது பெரும்பாலும் மலிவு. இரண்டு தொகைகளையும் வங்கியில் எழுத்தில் கேட்டு வாங்கி ஒப்பிடட்டும்.