-20 டிபி கசிவுன்னா "வெறும் 1 சதவீதம்" இல்லீங்க

போன வாரம் ஒரு டிசைன் ரிவ்யூ. 16-க்கு 16 ஆப்டிகல் சுவிட்ச் (16 வழியில வர்ற லைட் சிக்னலை 16 வழிக்கு மாத்தி விடுறது), பெனெஷ் அமைப்பு (சின்னச் சின்ன 2-க்கு 2 சுவிட்சுகளை வரிசை வரிசையா கோத்தது), ஒவ்வொரு 2-க்கு 2 எலிமென்ட்டும் -20 டிபி க்ராஸ்டாக், அதாவது ஒரு சிக்னலோட பவர்ல நூத்துல ஒரு பங்கு பக்கத்து வழிக்குக் கசியுது. "1 சதவீதம்தானே சார் கசியுது, ரிசீவர் பக்கம் ஃபில்டர் போட்டுக்கலாம்"னு சொல்றாங்க. எத்தனையாவது தடவை கேக்குறேன்னு எண்ணுறதையே விட்டுட்டேன், அதான் உக்காந்து எழுதுறேன்.

ஃபில்டர் கதைக்கு வர்றேன். பக்கத்து வேவ்லெங்த் (அலைநீளம்) கசிஞ்சா ஃபில்டர் பிடிச்சிரும், சரி. இங்க சுவிட்சுக்குள்ள கசியுறது அதே வேவ்லெங்த்! எதை வச்சுப் பிரிக்கும்? ஸ்பெக்ட்ரம் அனலைசர்ல பாத்தாக்கூட ஒரே பீக்தான் தெரியும்.

அடுத்து அந்த 1 சதவீதம். பவர்ல 1 சதவீதம்னா ஃபீல்டுல (லைட் அலையோட வீச்சுல) 10 சதவீதம்ங்க. டிடெக்டர் ரெண்டு ஃபீல்டையும் சேத்து வர்க்கப்படுத்துது, நடுவுல வர்ற பெருக்கல் ரெண்டு பங்கு, ஆக போலரைசேஷன் (அலை அதிர்ற திசை) ஒத்துப்போனா, ஃபேஸ் (ரெண்டு அலையோட ஏத்த இறக்கம் பொருந்துற விதம்) மாற மாற உங்க சிக்னல் 20 சதவீதம் மேலயும் கீழயும் ஆடும். -30 டிபின்னாலும் 6 சதவீதம், -40க்குப் போனாத்தான் 2 சதவீதம். இதெல்லாம் ஒரே ஒரு கசிவுக்கு. 16-க்கு 16 பெனெஷ்ல 7 ஸ்டேஜ் (எலிமென்ட் வரிசை) இருக்கு, எல்லா போர்ட்டும் ஓடுறப்ப ஸ்டேஜுக்கு ஒண்ணா கசிவு சேந்துக்கிட்டே போகும், பவரை மட்டும் கூட்டினாலே -11.5 டிபி.

"லேப்ல நல்லா ஓடுச்சே"ன்னு சொன்னாங்க. ஒரே ஒரு இன்புட்டுக்கு மட்டும் லைட் குடுத்தா ஓடாம என்ன பண்ணும்? கசிஞ்சு வர்றதுக்கு வேற சிக்னலே இல்லையே.

1987-லயே பத்மநாபன், நெத்ராவலின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதுக்கு டைலேட்டட் (விரிச்ச) அமைப்பைக் குடுத்துட்டாங்க. ஒரு எலிமென்ட்ல ஒரு நேரத்துல ஒரு சிக்னல்தான் போகணும், அப்ப கசிஞ்சது இன்னொரு தடவை கசிஞ்சாத்தான் நம்ம சிக்னலை வந்து தொடும், -20 போய் -40 ஆயிடும். எலிமென்ட் ரெண்டு மடங்குக்கு மேல வேணும், லாஸும் கூடும், தெரியும். அது கட்டுப்படியாகலன்னா எலிமென்ட்டையே நல்லதா வாங்குங்க. 16-குவாம் (சிக்னலுக்கு 16 நிலை வச்சு டேட்டா அனுப்புற முறை, சின்ன ஆட்டத்தையும் தாங்காது) ஓட்டப் போறீங்கன்னா இதுல சமரசமே கூடாது.

அப்புறம் எல்லா இன்புட்டையும் ஒரே பவருக்குக் கொண்டு வாங்க. பக்கத்து சிக்னல் 10 டிபி தூக்கலா இருந்தா உங்க -30 டிபி ஸ்பெக் அங்கயே -20 ஆயிருது. தயவுசெஞ்சு அடுத்த ரிவ்யூவுக்கு வர்றதுக்கு முன்னாடி 16 இன்புட்டையும் ஒரே வேவ்லெங்த்ல, ஒவ்வொண்ணுலயும் வேற வேற டேட்டா ஓடவிட்டு, மோசமான ரூட்ல பிட் எரர் அளந்து எடுத்துட்டு வாங்க.