நகச்சொத்தை மெதுவாகத்தான் போகும்

கால் பெருவிரல் நகத்தின் நுனியிலோ ஓரத்திலோ முதலில் லேசாக மஞ்சள் தட்டும். வலியோ அரிப்போ பெரும்பாலும் இருக்காது என்பதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. மாதங்கள் போகப் போக அந்த இடம் தடிக்கும், நகம் வெட்டும்போது பொடிப்பொடியாக உதிரும், அடியில் பொருக்கு சேர்ந்து நகத்தைத் தூக்கிவிடும். மருத்துவரிடம் வரும்போது பலருக்கும் பாதி நகம் போயிருக்கும்.

இதற்குக் காரணம் பெரும்பாலும் டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற பூஞ்சை. படர்தாமரையையும் விரலிடுக்குச் சேற்றுப்புண்ணையும் உண்டாக்கும் அதே குடும்பம்தான். இவற்றின் உணவு கெரட்டின் என்னும் புரதம். தோலின் மேலடுக்கு, முடி, நகம் எல்லாவற்றிலும் இருப்பது அதுதான். பூஞ்சை நொதிகளைச் சுரந்து கெரட்டினைச் செரித்து உறிஞ்சிக்கொள்கிறது. அனேகமாக விரலிடுக்கிலோ உள்ளங்காலிலோ முதலில் குடியேறி, அங்கிருந்து நகத்தின் நுனிக்கு அடியில் நுழைந்து, நகத்துக்குக் கீழே இருக்கும் தோலான நகப்படுக்கை வழியாக வேரை நோக்கி நகரும்.

நகத்தகடு உயிரற்றது. அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது, ஆகவே நோயெதிர்ப்பு அணுக்களும் அங்கே போக முடியாது. நம் உடலுக்கு இருக்கும் ஒரே வழி, நகத்தை வளர்த்து வெளியே தள்ளுவது. நகம் வேரிலிருந்து நுனிக்கு வளர்கிறது, பூஞ்சை நுனியிலிருந்து வேருக்கு ஊர்கிறது. கை நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மி.மீ. வளரும்; கால் நகம் அதில் பாதிதான், சிலருக்கு அதற்கும் குறைவு. வயது கூடும்போதும், காலுக்கு ரத்த ஓட்டம் குறையும்போதும் வேகம் இன்னும் தளரும். காலணிக்குள் இருக்கும் வெப்பமும் ஈரமும் பூஞ்சைக்குச் சாதகம். கை நகத்தைவிடக் கால் நகத்தில் இது அதிகம் வருவதும், முதியவர்களிடம் மிகுந்து காணப்படுவதும் இதனால்தான்.

மருந்துக்குப் போகும் முன் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உருக்குலைந்த நகங்களில் சுமார் பாதிக்குத்தான் பூஞ்சை காரணம். சொரியாசிஸ், லைக்கன் பிளானஸ் போன்ற தோல்நோய்களும், காலணி இடித்து இடித்து ஏற்பட்ட சேதமும் இதே தோற்றத்தைத் தரும். நகத்தில் புதிதாக ஒரு கருங்கோடு வந்தாலோ, இருக்கும் கோடு அகலமானாலோ, அது மெலனோமா என்ற புற்றுநோயா என்று தாமதிக்காமல் பார்த்தாக வேண்டும். நகத்துணுக்கையும் அடியில் இருக்கும் பொடியையும் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழைகள் தெரியும். எந்த இனம் என்று அறிய, பூஞ்சையை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனை உண்டு. அதற்குச் சில வாரங்கள் ஆகும். எளிய சோதனைதான். அதைச் செய்யாமல் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவது சரியில்லை.

மாத்திரைகளில் முதலிடம் டெர்பினஃபினுக்கு. பூஞ்சையின் செல்சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் தேவை. நம் செல்கள் அந்த இடத்தில் கொலஸ்டிராலைப் பயன்படுத்துகின்றன. எர்கோஸ்டெரால் உருவாகும் பாதையில் ஒரு நொதியை டெர்பினஃபின் முடக்குகிறது. சவ்வு பலவீனமாகிறது, கூடவே ஸ்குவாலீன் என்ற பொருள் உள்ளே தேங்கி நஞ்சாகிறது, பூஞ்சை செத்துவிடுகிறது. கால் நகத்துக்கு வழக்கமான அளவு தினமும் 250 மி.கி., 12 வாரம். மருந்து ரத்தத்தின் வழியே நகவேரையும் நகப்படுக்கையையும் அடைந்து நகத்தில் தங்குகிறது. நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் அங்கே இருக்கும்.

ஆனால் செத்த பூஞ்சை இருந்த நகம் தானாகத் தெளிவாகாது. சேதமடைந்தது சேதமடைந்ததுதான், அது வளர்ந்து வெட்டுப்பட்டுப் போக வேண்டும். பெருவிரல் நகம் முழுதாக மாற 12 முதல் 18 மாதம் பிடிக்கும். டெர்பினஃபின் ஆய்வுகளில் சுமார் 70% பேருக்குச் சோதனையில் பூஞ்சை இல்லை என்று வந்தது, நகமும் முழுக்கத் தெளிந்தவர்கள் 38% பேர்தான். மூன்றாம் மாதம் நகத்தைப் பார்த்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று மனம் தளர்பவர்கள் இந்த இடைவெளியைத் தெரிந்துகொள்வது அவசியம்.

டெர்பினஃபின் அரிதாகக் கல்லீரலைப் பாதிக்கும், சிலருக்கு நாக்கின் சுவையுணர்வைக் குறைக்கும். அதனால் தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு இது ஆகாது. மாற்றாக இருக்கும் இட்ராகொனசோல் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குக் கூடாது; வேறு பல மருந்துகளோடும் மோதும்.

நகத்தின் மேல் பூசும் அமோரோல்ஃபின், சிக்ளோபிராக்ஸ், எஃபினகொனசோல் போன்றவை பாதுகாப்பானவை. தடித்த நகத்தை ஊடுருவி அடிவரை போவதில்தான் அவற்றுக்குச் சிரமம். நகவேர் தப்பி, நுனிப்பகுதி மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் பலன் எதிர்பார்க்கலாம்; அப்போதும் பல மாதங்கள், அனேகமாக ஒரு வருடம்வரை விடாமல் பூச வேண்டும். நகத்தை அரவி மெலிதாக்கிக்கொண்டால் மருந்து கொஞ்சம் எளிதாக இறங்கும்.

சர்க்கரை நோயாளிகள் இதை வெறும் அழகுப் பிரச்சினையாக ஒதுக்கக் கூடாது. தடித்த நகம் பக்கத்துத் தோலைக் கீறும், உணர்ச்சி குறைந்த காலில் அது தெரியாது, அந்தக் கீறல் வழியே பாக்டீரியா புகுந்து புண் பெரிதாகலாம்.

குணமானவர்களிலும் கணிசமானோருக்கு இது திரும்ப வருகிறது. விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் அதற்கும் சேர்த்து மருந்து போடுங்கள், இல்லையென்றால் நகத்துக்கு மறுபடி அங்கிருந்தே வரும். குளித்ததும் இடுக்குகளை நன்றாகத் துடையுங்கள், ஈரமான காலுறையை மாற்றுங்கள், நகவெட்டியைப் பிறரோடு பகிராதீர்கள். சிகிச்சை தொடங்கும் அன்றே நகத்தைப் படம் எடுத்து, மாதம் ஒருமுறை அதே கோணத்தில் எடுத்து வாருங்கள். வேர்ப்பக்கம் தெளிவான நகம் அகலமாகிக்கொண்டே வந்தால் மருந்து வேலை செய்கிறது. ஆறு மாதமாகியும் அந்தப் பகுதி நகரவே இல்லை என்றால் மருத்துவரிடம் மறுசோதனை கேளுங்கள்.