"லிஸ்ட்ல பேர் இருக்கு சார்!"

போன வாரம் ஓர் அப்பா வந்தார். வெளிநாட்டில் மருத்துவம் படித்தால் அந்தப் பட்டம் இங்கே செல்லுமா என்ற கேள்வியோடு இந்த மாதத்தில் வந்த நான்காவது ஆள். மகன் மத்திய ஆசியாவில் மருத்துவம் இரண்டாம் ஆண்டு. மஞ்சப்பையிலிருந்து ஃபைலை எடுத்து, முதல் தாளாக இருந்த கலர் பிரிண்டை என் பக்கம் திருப்பி வைத்தார். "டபிள்யூ.ஹெச்.ஓ. லிஸ்ட்லயே காலேஜ் பேர் இருக்கு சார்."

எத்தனை தடவைதான் சொல்வது? டபிள்யூ.ஹெச்.ஓ., அதாவது உலக சுகாதார நிறுவனம், எந்த மருத்துவக் கல்லூரிக்கும் அங்கீகாரம் தருவதில்லை. அது அவர்கள் வேலையே இல்லை. ஏஜென்டுகள் காட்டுவது 'வேர்ல்ட் டைரக்டரி ஆஃப் மெடிக்கல் ஸ்கூல்ஸ்' என்ற தொகுப்பை. அதில் பேர் இருப்பதாலேயே அங்கீகாரம் என்று ஆகாது என்று அந்தத் தளத்திலேயே போட்டிருக்கிறார்கள். டெலிபோன் டைரக்டரியில் பேர் இருக்கிறது என்று யாருக்காவது பெண் கொடுப்போமா?

'என்.எம்.சி. அப்ரூவ்டு' நோட்டீஸும் இதே கதைதான். என்.எம்.சி. என்கிற தேசிய மருத்துவ ஆணையம் வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு ஒப்புதல் பட்டியல் எதுவும் போடுவதில்லை. பையன் எப்படிப் படித்தான் என்றுதான் பார்க்கும். அப்புறம் வெளிநாட்டில் காட்டும் சான்றிதழ்களில் குத்தும் அந்த அப்போஸ்டில் முத்திரை: கையெழுத்தும் சீலும் நிஜம் என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது.

வெளிநாட்டில் மருத்துவம் படிப்பவர்களுக்காக ஆணையம் போட்டு 2021 நவம்பர் 18-இல் வந்த விதிகளைப் படியுங்கள். படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில். அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி. அந்த நாட்டுக்காரருக்குக் கிடைக்கும் அதே மருத்துவ உரிமம் உங்கள் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். நீட் தேர்ச்சி இல்லாமல் கிளம்பவே கூடாது, அதைச் சொல்லவே வேண்டியதில்லை.

"கடைசி வருஷ ட்ரெயினிங்கை நம்ம ஊர்லயே முடிச்சுக்கலாம்னு ஏஜென்ட் சொன்னாரே?" என்றார்.

முடியாது. படிப்பிலோ பயிற்சியிலோ எந்தப் பகுதியையும் இந்தியாவிலோ வேறு நாட்டிலோ செய்யக் கூடாது. திரும்பி வந்த பிறகு இங்கே செய்ய வேண்டிய 12 மாதப் பயிற்சி தனி. அது இதற்குப் பதிலாகாது.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

தயவுசெய்து, அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கல்லூரிக்கே மெயில் போடுங்கள்: எத்தனை மாதம், எந்த மொழி, எந்த உரிமம். ஏஜென்டின் வாட்ஸ்அப் பதில் செல்லாது. லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள்.

இரண்டாம் ஆண்டுதான், இப்போதாவது கேட்கச் சொல்லுங்கள் என்று அவரிடமும் சொன்னேன். சரி என்று தலையாட்டினார். கிளம்பும்போது அந்தக் கலர் பிரிண்டை மறுபடியும் முதல் தாளாகவே வைத்து ஃபைலை மூடினார்.