படுக்கிற இடத்தை முதலில் ஒதுக்குங்கள், பெட்டிகளை அப்புறம் வைக்கலாம்

குடும்பநல உத்தியோகத்தராக, இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் வாழும் வரிசை வீடுகளான லயங்களுக்குப் போய் கர்ப்பிணிகளைப் பார்ப்பதும் பிள்ளைகளின் நிறையைக் கவனிப்பதும்தான் என் வேலை. ஆனால் ஒரு வீட்டுக்குள் போனதும் நான் முதலில் கேட்பது, ராத்திரியில் யார் எங்கே படுக்கிறீர்கள் என்பதைத்தான். 10க்கு 12 அடிக் காம்பரா என்கிற ஒரே அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற தாழ்வாரம், ஓரமாக அடுப்படி. அதற்குள் பாட்டி, புருஷன் பெண்டாட்டி, வயசுக்கு வந்த பிள்ளை, கைக்குழந்தை எல்லாரும். வெள்ளைக்காரர் காலத்தில் கூலி ஆட்களை அடைத்து வைக்கக் கட்டிய அமைப்பு இது, குடும்பம் நடத்தக் கட்டியதல்ல. எல்லாருக்கும் தனி வீடு கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் இன்றைக்கு ராத்திரி குழந்தை எங்கே படுக்கும் என்பதை இன்றைக்கே முடிவு செய்ய வேண்டியிருக்கிறதே!

பெரும்பாலான வீடுகளில் அல்மாரி, டிவி, தகரப்பெட்டி, மா மூட்டை எல்லாம் முதலில் இடம் பிடித்துவிடும், மிச்சத்தில்தான் மனிதர்கள். இதை மாற்றிச் செய்து பாருங்கள். பகலிலேயே எல்லாருடைய பாயையும் விரித்து, காற்று எங்கிருந்து வருகிறது, அடுப்புப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து ஆளுக்கொரு இடம் ஒதுக்குங்கள், அதற்குப் பிறகு சாமான்களை வையுங்கள்.

ஈரம்தான் பெரிய தொல்லை. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே தொடங்கி செப்டம்பர் வரை மழை, பதுளைப் பக்கம் வருஷக் கடைசியில். உடுப்பு காயாது என்று காம்பராவுக்குள்ளேயே கொடி கட்டுகிறோம். அந்த ஈரமும் ஆறேழு பேருடைய மூச்சும் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகி, விடியற்காலையில் கம்பளி மேல் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். முடிந்தவரை கொடியை இஸ்தோப்புக்கு மாற்றுங்கள். அல்மாரியை வெளிச்சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளி வையுங்கள், இல்லையென்றால் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். முதுகோடு முதுகாகக் கட்டிய இரட்டை லயத்தில் பின்பக்கம் ஜன்னலே கிடையாது, அதனால் முன் ஜன்னலை மறைத்து எதையும் அடுக்காதீர்கள். வீட்டில் யாருக்காவது இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள், அந்தக் கிருமி காற்றோட்டமில்லாத அறையில்தான் சுலபமாகப் பரவும்.

கைக்குழந்தையை அம்மாவுக்குப் பக்கத்தில், தனி விரிப்பில், மல்லாக்கப் படுக்க வையுங்கள். அடியில் தொய்யாத விரிப்பு போதும். தலையணையும் கனமான கம்பளியும் குழந்தையின் முகத்துக்குக் கிட்டே வேண்டாம், குளிருக்கு இன்னொரு சட்டை போட்டுவிடுங்கள். குடித்துவிட்டு வருகிறவர் பக்கத்தில் குழந்தையைப் போடவே கூடாது, இதைச் சொல்லச் சங்கடப்படாதீர்கள். குழந்தையின் தலைக்கு மேலே ராக்கைத் தட்டில் பானை, சூட்கேஸ் எதுவும் இருக்கக் கூடாது. நுவரெலியாக் குளிரில் கரி நெருப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போகும்.

மரக்கறித் தோட்டம் செய்கிற வீடுகளில் கட்டிலுக்கு அடியில் பூச்சிமருந்து வைத்திருப்பார்கள், சில சமயம் சோடாப் போத்தலில் ஊற்றி! தயவுசெய்து உடனே வெளியே கொண்டுபோய், பூட்டுப் போட்ட பெட்டியில், அதற்குரிய போத்தலிலேயே வையுங்கள்.

ஒருவருக்குச் சொறி வந்தால் ஒரே கம்பளிக்குள் படுக்கிற எல்லாருக்கும் வரும். வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். விரிப்பையும் உடுப்பையும் சுடுநீரில் துவையுங்கள், துவைக்க முடியாத கம்பளியைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி ஒரு கிழமை ஒதுக்கி வையுங்கள்.

வயசுக்கு வந்த பெண்பிள்ளைக்கு உடுப்பு மாற்ற ஒரு மூலை வேண்டும். பழைய சேலையில் ஒரு திரை, சாவியோடு ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவு போதும். அந்தப் பெட்டியை அம்மாவும் தம்பியும் திறக்கக் கூடாது. இதெல்லாம் ஆடம்பரம் என்று சொல்லும் அப்பாமார்களோடு நான் நேராகவே பேசுகிறேன், பிள்ளைக்குப் பாதுகாப்பும் மரியாதையும் தருவது எப்படி ஆடம்பரமாகும்?

கடைசியாக மண்சரிவு. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். பாயிலிருந்து கதவு வரை இருட்டில் தடுக்காமல் நடக்க வழி இருக்க வேண்டும், அதில் மூட்டையோ விறகோ கிடக்கக் கூடாது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கிளினிக் அட்டை, பாட்டியின் மருந்து எல்லாவற்றையும் நனையாத பையில் போட்டுக் கதவுக்குப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டுங்கள். எச்சரிக்கை வந்தால் பையையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு உடனே வெளியேறுங்கள், அல்மாரியைப் பூட்ட நிற்காதீர்கள்.