குடிக்காதவர் கல்லீரலில் தழும்பு எப்படி வந்தது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அப்பா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். கள்ளு, சம்சு எதையும் தொட்டதில்லை. இனிப்புநீர் மட்டும் பல வருடமாக உண்டு. இப்போது கல்லீரல் கெட்டிப்பட்டுவிட்டது என்கிறார் டாக்டர். சொந்தக்காரர்களோ, ஒளித்துக் குடித்திருப்பார் என்கிறார்கள்."

சொந்தக்காரர்கள் வாயை மூடிக்கொள்ளலாம். ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் இது வரும். ஹாங்காங்கில் இனிப்புநீர், அதாவது நீரிழிவு உள்ள 1,918 பேரின் கல்லீரலை ஸ்கேன் செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 73 பேருக்குக் கொழுப்பு படிந்திருந்தது. 18 பேருக்குக் கல்லீரல் சந்தேகப்படும் அளவுக்கு விறைத்திருந்தது.

இன்சுலின் சொல்வதை உடல் சரியாகக் கேட்காததுதான் இரண்டாம் வகை நீரிழிவு. கொழுப்புத் திசு தன் சரக்கைப் பிடித்து வைக்காமல் ரத்தத்தில் விட்டுவிடுகிறது; அது கல்லீரலில் போய்ச் சேர்கிறது. கல்லீரலோ அரைச் செவிடு. 'சீனி தயாரிப்பதை நிறுத்து' என்ற கட்டளை அதன் காதில் ஏறாது, 'கொழுப்பு தயாரி' என்பது மட்டும் நன்றாகவே ஏறும். நாள் முழுக்கத் தே தாரிக் என்ற இனிப்புப் பால் தேநீர் குடித்தால் கேட்கவே வேண்டாம். பலருக்கு இது கொழுப்போடு நின்றுவிடும். சிலருக்கு அழற்சி வந்து செல்கள் சாகத் தொடங்கும்.

அப்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த ஆள் வருகிறார்: நட்சத்திரச் செல்.

கல்லீரல் செல்களுக்கும் ரத்த நுண்குழாய்களுக்கும் நடுவே மெல்லிய ஓர் இடைவெளி. அதில் கைகளை நாலா பக்கமும் நீட்டிக்கொண்டு கிடக்கும் செல் இது. நம் உடம்பிலுள்ள வைட்டமின் ஏ-யில் பெரும்பகுதி இதற்குள்தான் சிறு கொழுப்புத் துளிகளாக இருக்கிறது. புறஊதா ஒளியில் பார்த்தால் நீலப்பச்சையாக மின்னும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிவிடும். 1876-இல் ஜெர்மனியின் குப்ஃபர், கல்லீரலில் நரம்புகளைத் தேடித் தங்க உப்பால் சாயமேற்றியபோது இது தற்செயலாகக் கண்ணில் பட்டது. 1951-இல் ஜப்பானின் இட்டோ 'கொழுப்பு சேமிக்கும் செல்' என்று ஒன்றை விவரித்தார். இரண்டும் ஒரே செல் என்று கென்ஜிரோ வேக் காட்டியது 1971-இல்! குப்ஃபர் இன்று ஆராய்ச்சி மானியத்துக்கு விண்ணப்பித்தால், 'நோயாளிக்கு என்ன பயன்' என்ற கட்டத்தில் என்னதான் எழுதியிருப்பார்? பயன் தெரிந்த பிறகுதான் பணம் என்றால் இப்படிப்பட்ட செல்கள் யார் கண்ணிலும் படாது.

பக்கத்துச் செல்கள் செத்து அபாயக்குரல் கொடுத்ததும் இந்தச் சாதுவான செல் ஆளே மாறிப்போகும். சேர்த்து வைத்த வைட்டமின் ஏ துளிகளை இழக்கும். தசையைப் போலச் சுருங்கும் சக்தி பெறும். பெருகும். கொலாஜன் என்ற புரத நாரைச் சுரந்து தள்ளும்; அந்த நார்தான் தழும்பு. ஒரு நாள் காயத்துக்கு அது நல்ல வைத்தியம். ஆனால் நீரிழிவில் காயம் தினசரி. கத்தி ஆழமாகப் பட்ட பால்மரத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்வதைத் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். தழும்பு முற்றிய கல்லீரலும் அப்படித்தான் முடிச்சுகளாகிவிடும்.

காயம் நின்றால் இந்தச் செல்களில் சில மடியும், சில பழையபடி அடங்கும், நாரும் ஓரளவு கரையும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தவர்கள் பலரிடம் தழும்பு பின்வாங்கியிருக்கிறது. பசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கும் 'கல்லீரல் சுத்திகரிப்பு' பொடிக்கு இந்த நாரைக் கரைக்கும் வித்தை தெரியாது. கீழாநெல்லியும் அப்படியே. 1988-இல் சென்னையில் அதைச் சோதித்தது மஞ்சள்காமாலைக் கிருமியான ஹெபடைடிஸ் பி-க்கு. அந்தப் பலனையே பிந்தைய ஆய்வுகள் உறுதி செய்யவில்லை.

சரி, ஆரம்பத்திலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? வலிக்காது என்பதுதான் சிக்கல். ஆனால் கிளினிக்கில் எடுக்கும் சாதாரண ரத்தச் சோதனைத் தாளே போதும். அதில் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்று இரண்டு இருக்கும்; கல்லீரல் செல்கள் அடிபட்டால் ரத்தத்தில் கசியும் நொதிகள் அவை. வயதை ஏ.எஸ்.டி. அளவால் பெருக்குங்கள். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டின் எண்ணிக்கையை (ஆயிரக் கணக்கில்) ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதனால் வகுங்கள். 56 வயது லாரி ஓட்டுநருக்கு ஏ.எஸ்.டி. 60, ஏ.எல்.டி. 49, பிளேட்லெட் 150 என்றால் 3,360-ஐ 1,050-ஆல் வகுத்து 3.2 வரும். 1.3-க்குக் கீழே என்றால் பெரிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் கோடு 2. எந்த வயதானாலும் 2.67-ஐத் தாண்டினால் கல்லீரல் நிபுணரிடம் போக வேண்டும். பிளேட்லெட்டுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? தழும்பேறிய கல்லீரலுக்குள் நுழைய முடியாத ரத்தம் மண்ணீரலில் தேங்கும். வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.