ஹைபிரிட் பிக்கப்: கலப்பினமா, இருவிசையா?

ஹைபிரிட் என்ற சொல் நம்மில் பலருக்கு வயல்வெளி வழியாகத்தான் அறிமுகம். ஹைபிரிட் தக்காளி, ஹைபிரிட் சோளம் என்று விதைப் பொட்டலத்தில் போட்டிருக்கும். வேளாண் துறையினர் அதை வீரிய ஒட்டு ரகம் என்பார்கள். கால்நடையில் அதுவே கலப்பினப் பசு. பிறகு எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வண்டிக்கும் அந்தப் பெயர் வந்தபோது, கைவசம் இருந்த ‘கலப்பின’ என்ற சொல்லையே எடுத்துப் பூட்டிவிட்டார்கள். கலப்பின வாகனம், கலப்பின மகிழுந்து, கலப்பினச் சரக்குந்து எல்லாம் அப்படி வந்தவை. பசுவுக்குப் பொருந்திய சொல் பிக்கப் வண்டிக்குப் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. பொருந்தவில்லை என்பது மட்டுமல்ல, வண்டியிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதையே அந்தச் சொல் குழப்பிவிடுகிறது.

மூலத்தில் அது லத்தீன் சொல். ஹைப்ரிடா, இப்ரிடா என்று இரண்டு விதமாகவும் எழுதினார்கள். வீட்டில் வளர்த்த பெண்பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டிக்கு அந்தப் பெயர். ரோமானியத் தந்தைக்கும் வேற்றுநாட்டுத் தாய்க்கும் பிறந்த பிள்ளையையும் அப்படிச் சொன்னதுண்டு. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குள் வந்து, 19ஆம் நூற்றாண்டில் தாவரவியலில் காலூன்றியது. 1866இல் மெண்டல் பட்டாணிச் செடிகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது.

வண்டிக்கு ஹைபிரிட் என்ற பெயர் வருவதற்கு முந்தியே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. 1900இல் ஃபெர்டினாண்ட் போர்ஷே, லோனர் நிறுவனத்துக்காக ஒரு வண்டி செய்தார். பெட்ரோல் எஞ்சின் மின்னாக்கியைச் சுழற்றும், அந்த மின்சாரம் சக்கரக் குடத்துக்குள் இருக்கும் மோட்டாரை ஓட்டும். செம்பர் விவுஸ், அதாவது ‘எப்போதும் உயிரோடு’ என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்த வடிவத்தின் பெயர் மிக்ஸ்டே. பிரெஞ்சில் அதற்குப் பொருள் ‘கலந்தது’. ஆக, கலப்பு என்ற எண்ணத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் வந்த பிறகுதான் ஹைபிரிட் என்பது ஊரறிந்த பெயரானது.

கலப்பினக் கன்றில் எது தாயின் பங்கு, எது தந்தையின் பங்கு என்று பிரித்து எடுக்க முடியாது. ஹைபிரிட் வண்டியில் எஞ்சின் தனியாக இருக்கிறது, மின்மோட்டார் தனியாக இருக்கிறது. ஒரு நேரம் அது, ஒரு நேரம் இது, சுமை ஏறினால் இரண்டும் சேர்ந்து. மூன்றாவதாக ஒரு பொருள் பிறப்பதே இல்லை. ‘இனத்தை’ விட்டுவிட்டு ‘கலப்பு ஊர்தி’ என்றாலும் சிக்கல் தீராது. எத்தனால் கலந்த பெட்ரோலில் ஓடும் வண்டி என்று நினைப்பார்கள். ‘இரட்டை எரிபொருள்’ என்பது பெட்ரோலிலும் எரிவாயுவிலும் ஓடும் வண்டிக்குரிய பெயர், அது இங்கே வரவே கூடாது. செருகி சார்ஜ் போடாத ஹைபிரிட்டில் எரிபொருள் ஒன்றே ஒன்றுதான். பேட்டரியில் ஏறும் மின்சாரம் முழுவதும் ஏதோ ஒரு வழியில் அந்தப் பெட்ரோலிலிருந்து வந்ததே. ‘இதற்கு எங்கே சார்ஜ் போடுவது’ என்ற கேள்வி ஓயாமல் வருவதற்குச் சொல்லின் குழப்பமும் ஒரு காரணம்.

இருவிசை என்பதே சரியான சொல். விசை என்றால் இயற்பியலில் வேறு பொருளாயிற்றே என்று ஆசிரியர்கள் கேட்கக்கூடும். விசைத்தறியும் விசைப்படகும் ஏற்கெனவே வழக்கில் இருக்கின்றன. எதைக் கொண்டு இயங்குகிறது என்பதை அங்கே விசை என்ற சொல்தான் சொல்கிறது. அந்த வரிசையில் இருவிசை ஊர்தியும் இயல்பாக உட்கார்ந்துகொள்ளும்.

பிக்கப் என்பதற்குத் தமிழ்ப் பேச்சில் இன்னொரு பொருளும் உண்டு. ‘வண்டியில் பிக்கப் இல்லை’ என்றால் வேகம் எடுக்கவில்லை என்று பொருள். வண்டிவகைப் பெயராக அது பழையது. 1925இல் ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி வண்டியைத் தொழிற்சாலையிலேயே ‘பிக்கப் பாடி’ பொருத்தி விற்றது. சரக்குந்து, சுமையுந்து இரண்டும் லாரிக்குப் பழகிப்போன சொற்கள். முன்னால் ஆள் உட்காரும் கேபின், பின்னால் திறந்த பாடி என்று இருக்கும் இந்த வண்டியைச் சிறுசுமையுந்து எனலாம். ஆனால் ‘இருவிசைச் சிறுசுமையுந்து’ என்று யாரும் வாய்விட்டுச் சொல்லப்போவதில்லை. இருவிசைப் பிக்கப் என்பதே நடைமுறைக்கு ஏற்றது.

மென், முழு, செருகு

விற்பவர்கள் எல்லாவற்றையும் ஹைபிரிட் என்றே சொல்வதால், எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்வது வாங்குபவர் பொறுப்பு. 48 வோல்ட் அமைப்பு வைத்த டொயோட்டா ஹைலக்ஸ் டீசல் பிக்கப் போன்றவை மென் இருவிசை. மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்கும், தனியாக வண்டியை ஓட்டாது. ஃபோர்டு மேவரிக், எஃப்-150 பவர்பூஸ்ட், டொயோட்டா டண்ட்ரா ஐ-ஃபோர்ஸ் மேக்ஸ் எல்லாம் முழு இருவிசை. குறைந்த வேகத்தில் மோட்டாரிலேயே நகரும். 2024இல் வந்த, சீன நிறுவனமான பிஒய்டியின் ஷார்க் போன்றவை செருகு இருவிசை. சுவரில் செருகி சார்ஜ் ஏற்றலாம்.

வேறுபாட்டைப் பேட்டரியின் அளவே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கிலோவாட் மணி என்பது மின்கட்டணச் சீட்டில் வரும் அதே ஒரு யூனிட்தான். மேவரிக்கில் 1.1 யூனிட், எஃப்-150இல் 1.5, டண்ட்ராவில் 1.87. ஷார்க்கில் சுமார் 30. முதல் மூன்றில் எதை எடுத்தாலும் மின்சாரத்தில் மட்டும் இரண்டு மூன்று கிலோமீட்டர் போனாலே அதிகம். அதற்குள் எஞ்சின் விழித்துக்கொள்ளும். அது கோளாறு அல்ல.

தினசரி ஓட்டத்தில்

பட்டனை அழுத்தினால் சத்தம் வராது. ‘ரெடி’ என்ற பச்சை விளக்கு எரிந்தால் வண்டி கிளம்பத் தயார் என்று பொருள். புதிதாக ஓட்டுபவர்கள் ஸ்டார்ட் ஆகவில்லை என்று மறுபடி அழுத்தி அணைத்துவிடுவது வழக்கமாக நடப்பது. காலையில் முதல் முறை கிளப்பும்போது, பேட்டரி நிறைந்திருந்தாலும் சில நொடிகளில் எஞ்சின் ஓட ஆரம்பிக்கலாம். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடானால்தான் வேலை செய்யும், அதற்காகத்தான் அந்த ஓட்டம். குளிரில் ஹீட்டர் போட்டிருந்தால் எஞ்சின் இன்னும் அதிக நேரம் ஓடும், ஏனென்றால் சூடு அதிலிருந்துதான் வர வேண்டும்.

சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடும். முழு இருவிசையில் ஏசி கம்ப்ரசர் பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடுவதால் குளிர் குறையாது. மென் இருவிசையில் கம்ப்ரசர் பெல்ட்டில் ஓடினால், நின்ற இடத்தில் காற்று வெதுவெதுப்பாகும். பச்சை விழுந்ததும் மோட்டார் முதல் நொடியிலேயே முழு முறுக்குவிசையோடு, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் முழுப் பலத்தோடு, இழுக்கும். இந்த இடத்தில் பிக்கப்புக்கு உண்மையிலேயே பிக்கப் இருக்கும்.

அடுத்த சிக்னலில் பிரேக்கை மிதிக்கும்போது மோட்டார் மின்னாக்கியாக மாறிப் பேட்டரியில் மின்சாரம் ஏற்றும். இதை மீட்பு பிரேக் என்றால் போதும். ‘மறுஉருவாக்க நிறுத்தல்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மெக்கானிக்கும் விழிப்பார், மொழி ஆசிரியரும் விழிப்பார். 2,000 கிலோ வண்டி 50 கிமீ வேகத்தில் போகும்போது அதில் இருக்கும் ஆற்றல் சுமார் 0.05 யூனிட். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அதில் ஒரு பங்கு திரும்பக் கிடைத்தாலே நகர ஓட்டத்துக்கு ஒரு யூனிட் பேட்டரி ஏன் போதுமானதாக இருக்கிறது என்பது விளங்கும். வண்டி நிற்கப்போகும் கடைசிக் கணத்தில் வழக்கமான டிஸ்க் பிரேக் பொறுப்பேற்கும். அந்தக் கைமாற்றத்தில் பிரேக் பெடலில் லேசான வித்தியாசம் தெரியும். சில நாளில் பழகிவிடும்.

மைலேஜ் கணக்கு தலைகீழாக இருக்கும். 2022 மேவரிக் ஹைபிரிட்டுக்கு அமெரிக்க அரசின் மதிப்பீடு நகரத்தில் லிட்டருக்குச் சுமார் 17.9 கிமீ, நெடுஞ்சாலையில் 14. அதே வண்டியின் டர்போ பெட்ரோல் முன்சக்கர வடிவத்துக்கு நகரத்தில் 9.8, நெடுஞ்சாலையில் 12.8. நின்று நின்று போகும் இடத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு, நேர்ச்சாலையில் சொற்ப வித்தியாசம். நெடுஞ்சாலையில் பிரேக் மிதிப்பதே இல்லையென்றால் மீட்க என்ன இருக்கிறது? காற்றை எதிர்த்துத் தள்ளும் வேலை முழுவதும் எஞ்சின் தலையில்தான் விழும்.

பெரிய பிக்கப்பில் மைலேஜை மட்டும் நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். டண்ட்ராவில் மோட்டார் சேர்த்ததால் முறுக்குவிசை சுமார் 650 நியூட்டன் மீட்டரிலிருந்து 790க்கு ஏறியது, எரிபொருள் மிச்சம் கொஞ்சமே. அங்கே இரண்டாவது விசை சுமை இழுக்க வந்தது.

ஓட்டும் உணர்வும் வண்டிக்கு வண்டி மாறும். மேவரிக்கில் எஞ்சினும் மோட்டாரும் கோள் பற்சக்கரத் தொகுதி ஒன்றில், அதாவது நடுச்சக்கரத்தைச் சுற்றிச் சிறு பற்சக்கரங்கள் சுழலும் அமைப்பில், இணைகின்றன. ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தால் எஞ்சின் இரைச்சல் ஒரே உயரத்தில் நிற்க, வேகம் மட்டும் ஏறும். கிளட்ச் நழுவுகிறதோ என்று தோன்றும், ஆனால் அங்கே நழுவுவதற்குக் கிளட்சே இல்லை. எஃப்-150, டண்ட்ரா இரண்டிலும் மோட்டார் 10 வேக கியர்பாக்ஸோடு சேர்ந்திருப்பதால் கியர் மாறுவது வழக்கம்போலவே தெரியும்.

சுமையும் மலையும்

ஒரு சின்னக் கணக்கு. சுமையோடு 2,500 கிலோ எடையுள்ள பிக்கப், மலைச்சாலையில் 300 மீட்டர் உயரம் இறங்குகிறது. வெளிப்படும் ஆற்றல் சுமார் 2 யூனிட். பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே ஒன்று முதல் இரண்டு யூனிட்தான், அதிலும் நீடித்து உழைக்க வேண்டும் என்பதற்காகக் கணினி ஒரு பகுதியை மட்டுமே பயன்படுத்த விடும். எனவே பாதி மலை இறங்குவதற்குள் பேட்டரி நிறைந்து, மீட்பு பிரேக் ஒதுங்கிக்கொள்ளும். அதுவரை மெதுவாக மிதித்துப் பழகிய கால் அதே அழுத்தத்தில் தொடர்ந்தால், சூடு முழுவதும் டிஸ்க்கில் ஏறும். இறக்கம் தொடங்கும் இடத்திலேயே கியர் நெம்புகோலை ‘எல்’ (L) அல்லது ‘பி’ (B; பார்க்கிங்கின் P அல்ல) நிலைக்கு மாற்றிவிட வேண்டும். அப்போது எஞ்சின் எரிபொருள் இல்லாமலே உயர்ந்த சுழற்சியில் இரையும். அந்த இரைச்சல்தான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது, பயப்பட வேண்டாம்.

ஏறும்போதும் கணக்கு அதே. மோட்டாரின் உதவி கிளம்பவும் முந்தவும் அருமையானது, நீண்ட ஏற்றத்தில் பேட்டரி இறங்கியதும் எஞ்சினின் சொந்த பலம் மட்டுமே மிஞ்சும். 2022 மேவரிக் ஹைபிரிட்டின் இழுவை வரம்பு சுமார் 900 கிலோ. டர்போ வடிவத்தில் அதற்கான கூடுதல் பொருத்தத்தோடு சுமார் 1,800. விளம்பரத்தில் உள்ள குதிரைத்திறனைப் பார்க்காமல் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சுமை வரம்பைப் படிக்க வேண்டும். பேட்டரியும் மோட்டாரும் தங்கள் எடையை அந்த வரம்பிலிருந்து ஏற்கெனவே கழித்துக்கொண்டிருக்கும்.

எஃப்-150 பவர்பூஸ்ட்டின் பின்பாடியில் மின்செருகிகள் உண்டு: 2.4 கிலோவாட், கூடுதல் விலைக்கு 7.2. வெல்டிங் மெஷின், அறுவை மெஷின் எல்லாம் ஓடும். பேட்டரி இறங்கும்போதெல்லாம் எஞ்சின் தானாகக் கிளம்பும் என்பதை மறந்துவிடக் கூடாது. மூடிய கொட்டகைக்குள் நிறுத்தி இதைச் செய்தால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும்.

எங்கே பழுதாகும்

பெரிய பேட்டரியைப் பற்றித்தான் எல்லோருக்கும் பயம். ஆனால் நடுவழியில் நிறுத்துவது பெரும்பாலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி. கணினிகளையும் உயர்மின்னழுத்த இணைப்பான்களையும் எழுப்புவது அதுதான். அது செத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் ‘ரெடி’ விளக்கு எரியாது. வாரக்கணக்கில் நிறுத்திவைப்பதானால் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ‘ரெடி’ நிலையில் வைப்பது நல்லது. கோள் பற்சக்கர வகையில் நியூட்ரலில் விட்டால் சார்ஜ் ஏறாது, பார்க்கிங்கில் வைக்க வேண்டும்.

அடுத்தது காற்றுத் துளை. பேட்டரியைக் கேபின் காற்றால் குளிர்விக்கும் மாடல்களில், பின்னிருக்கையின் அடியிலோ பக்கத்திலோ ஒரு வலைத்துளை இருக்கும். வேலைக்குப் போகும் வண்டியில் கோணிப்பை, கயிறு, சிமென்ட் தூசி எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். துளை அடைத்தால் முதலில் விசிறிச் சத்தம் கூடும், பிறகு மின்னுதவி குறையும், அப்புறம் எச்சரிக்கை விளக்கு. வடிகட்டியைக் கழற்றித் தூசி தட்டினாலே பல நேரம் சரியாகிவிடும்.

பிரேக் பேட் நெடுநாள் வருவது உண்மை. ஆனால் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் அதிகம் உழைக்காததால் அதன் நழுவுமுளைகள் இறுகிப்போய், ஒரு பக்கம் மட்டும் தேயும். பேட் தடிமன் நன்றாகத்தானே இருக்கிறது என்று விடாமல், ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போட வேண்டும். ஆயிலும் அப்படியே. குறுந்தூர ஓட்டத்தில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராததால் ஈரமும் பெட்ரோலும் ஆயிலில் தங்கும். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் மாதக் கணக்குப்படி மாற்றிவிட வேண்டும்.

ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள் எதையும் தொடக் கூடாது, உள்ளே உயர்மின்னழுத்தம். வண்டி நின்றுபோனால், ஓட்டுசக்கரங்கள் தரையில் உருளும்படி கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. சக்கரம் சுழன்றால் நிலைக்காந்த மோட்டாரும் சுழன்று மின்சாரம் உண்டாக்கும். நாலு சக்கரமும் தரையில் படாதபடி தட்டையான மேடையில் ஏற்றிப் போகும் வண்டியை அனுப்பும்படி, அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும். அந்த அழைப்பில் மட்டும் இருவிசை என்று சொல்லிக்கொண்டிருக்காமல் ஹைபிரிட் என்றே சொல்லுங்கள்.